மூன்று ஜோடி வால்வும் இரண்டு கை பேரீச்சம்பழமும்

சுண்டையூர் நல்லிசை மன்றத்தில் மொத்தம் நான்கு பேர். நான்கு பேருக்கும் சேர்த்து எட்டுக் காது. சங்கீதத்துக்கு அது தாராளமாகப் போதும் என்பது அவர்கள் எண்ணம். மூளையைப் பற்றி அவர்களும் பேசுவதில்லை, நாமும் பேச வேண்டாம்.

தலைவர் ஆவுடையப்பன், பாத்திரக்கடைக்காரர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை கண்ணை மூடியிருந்துவிட்டுக் கடைசியில் தீர்ப்புச் சொல்வார். துணைத்தலைவர் பலவேசம், தையல்காரர். பதிவாளர் தேவசகாயம், தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எது நடந்தாலும் மணி பார்த்து நோட்டில் எழுதிவிடுவார், எழுதிய பிறகுதான் அது நடந்ததாக நம்புவார். செயலாளர் கோமதிநாயகம். சாதாரண உறுப்பினர் என்று யாரும் கிடையாது. எல்லோரும் பதவியில் இருந்ததால் அதற்கு ஆள் மிஞ்சவில்லை.

மன்றம் கூடுவது கோமதிநாயகத்தின் வீட்டு முன்னறையில். காரணம், மன்றத்தின் ஆம்ப்ளிஃபயர் அவருடையது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் எலெக்ட்ரீஷியன் கைப்படச் செய்தது. முன்பக்கம் பழைய காலத்து ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி இரண்டு கண்ணாடி வால்வு. பின்பக்கம் டிரான்சிஸ்டர். வால்வு பாட்டுக்கு இனிமை தரும், டிரான்சிஸ்டர் பலம் தரும் என்று செய்தவர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் கோமதிநாயகம் அதைக் காட்டி, "ஹைப்ரிட்டாக்கும்!" என்பார்.

"தக்காளியிலயும்தான் ஹைப்ரிட் வருது. அது ரசத்துக்காவது ஆகும்" என்பாள் அவர் மனைவி சண்முகவடிவு, உள்ளேயிருந்து.

கோமதிநாயகத்துக்கு அந்தப் பெட்டி என்றால் உயிர். காலையில் எழுந்ததும் தன் முகத்தைக் கழுவுகிறாரோ இல்லையோ, அதன் முகத்தைத் துடைத்துவிடுவார்.

அந்தப் பெட்டிக்குத்தான் இரண்டு மாதமாகச் சீக்கு. நாதஸ்வரக் கேசட்டைப் போட்டால் இடதுபக்கம் கொரகொர என்று ஒரு சத்தம். முதல் மாதம் பூராவும் அது தவில் என்றே நினைத்து நான்கு பேரும் தாளம் போட்டார்கள். "கை வேகம் என்னா வேகம்!" என்று ஆவுடையப்பன் கண்கலங்கினார். பிறகு ஒருநாள் கேசட் எதுவும் போடாத நேரத்திலும் தவில் வாசிக்கவே, தேவசகாயத்துக்குச் சந்தேகம் வந்தது.

சண்முகவடிவுக்குச் சந்தேகமே வரவில்லை. தலைவலிதான் வந்தது. ஒரு வியாழக்கிழமை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னறை வாசலில் வந்து நின்றாள்.

"இங்க பாருங்க. திங்கக்கிழமை என் தம்பி குடும்பத்தோட வாரான். இந்தச் சத்தத்தை வச்சிக்கிட்டு நான் அவனை எங்கன படுக்க வைக்க? ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள இந்தக் கொரகொரப்பு நிக்கணும். நிக்கலைன்னா இதைத் தூக்கி மாடசாமிகிட்டப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கிருவேன். ஆமா."

மாடசாமி என்பவன் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற வண்டிக்காரன். தினமும் சாயங்காலம் மணியடித்துக்கொண்டு அந்தத் தெருவில் வருவான். அந்த மணிச் சத்தத்தை நினைத்ததுமே கோமதிநாயகம் எழுந்துபோய்ப் பெட்டியின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே பாளையங்கோட்டைக்குப் போய் மெக்கானிக் ஜெபராஜைப் பார்த்தார். வால்வு தேய்ந்திருக்கும், மாற்றிப் பாருங்கள் என்று சொல்லி, ஜெபராஜ் மூன்று ஜோடி வால்வைக் கொடுத்தார். ஒரு ஜோடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது, ஒன்றில் பச்சை, ஒன்றில் நீலம். மூன்றையும் போட்டுக் கேட்டு, நன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். ஜெபராஜ் தங்கமான மனுஷன். அவர் செய்த ஒரே தப்பு, எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததுதான்.

மதியம் மன்றம் கூடியது. தேவசகாயம் எழுந்து நின்று தாளை வாசித்தார்.

"ஒண்ணு. நிறுத்திப் பத்து நிமிஷம் ஆறின பிறகே வால்வைக் கழற்றவும். ரெண்டு. கண்ணாடியைத் துணி இல்லாமல் தொட வேண்டாம். மூணு. அரைமணி நேரம் சூடேறிய பிறகே பாட்டுக் கேட்கவும். நாலு. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடையில் வால்வு மட்டுமே மாறலாம். மற்ற எல்லாம் முதல் தடவை இருந்தபடியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வித்தியாசம் எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும்."

"நாலாவதுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருக்காரு" என்று சேர்த்துக்கொண்டார். சபை அந்த இரண்டு கோட்டுக்கும் மரியாதையாக எழுந்து நின்று உட்கார்ந்தது.

இரண்டாவது விதியைப் பலவேசம் ஏற்றுக்கொண்டார். கையில் துணியைச் சுற்றிக்கொள்வதா, வால்வுக்கே உடுத்திவிடுவதா என்று கொஞ்சம் யோசித்தார். கை நம்முடையது, அது பழகிப்போனது; விருந்தாளியாக வந்திருப்பது வால்வுதானே என்று, ஆறு வால்வுக்கும் அளவெடுத்து ஆறு சட்டை தைத்துவிட்டார். காலர், பொத்தான் எல்லாம் வைத்து.

"பாக்கெட் எதுக்கு வே?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"சட்டைன்னா பாக்கெட் இருக்கும்லா" என்றார் பலவேசம்.

மூன்றாவது விதியில்தான் விவாதம் முற்றியது.

"யாரு சூடேறணும்னு இதுல போடலையே?" என்றார் பலவேசம்.

"சூடேறிய பிறகு கேட்கவும்னு போட்டிருக்கு. பாட்டுக் கேக்கப்போறது யாரு? வால்வா?" என்றார் தேவசகாயம்.

ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தார். "நாமதான் கேக்கப்போறோம். அப்ப நாமதான் சூடேறணும். வாங்க மாடிக்கு."

வெள்ளிக்கிழமை நான்கு மணி வெயிலில் நான்கு பேரும் மொட்டைமாடியில் அரைமணி நேரம் வரிசையாக உட்கார்ந்து சூடேறினார்கள். வேட்டி உடம்போடு ஒட்டிக்கொள்ள இறங்கிவந்து, சிவப்பு நூல் ஜோடியைச் சட்டையோடு செருகி, கேசட்டைப் போட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தேவசகாயத்தின் நோட்டில் இருக்கிறது. நான்கு முப்பதுக்குப் பாட்டு ஆரம்பம். கொரகொரப்பு அப்படியே இருந்தது. இருக்காதா பின்னே? பலவேசம் தைத்த சட்டையின் ஓரம் வால்வின் காலோடு சேர்ந்து உள்ளே மாட்டிக்கொண்டு, காலைச் சரியாக ஊன்றவிடாமல் செய்துகொண்டிருந்தது. அது நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. நான்கு முப்பத்தேழுக்கு ஒரு காலர் கருகிப் புகைந்தது. அந்தப் புகையில் பலவேசம் மூன்று தும்மல் போட்டார். நான்கு நாற்பத்தைந்துக்குச் சபை கலந்து பேசிச் சிவப்பு ஜோடிக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு மார்க் போட்டது. தேவசகாயம் அதைத் தனித் தாளில் எழுதி ஸ்டூல்மேல் வைத்தார். அடுத்த நிமிஷமே எதிர்வீட்டு வெள்ளாடு உள்ளே வந்து அந்தத் தாளைத் தின்றுவிட்டது. நான்கு ஐம்பதுக்கு மாடசாமியின் மணி கேட்டது. சண்முகவடிவு ஒரு ஓட்டை இரும்புச்சட்டியைக் கொடுத்து இரண்டு கை பேரீச்சம்பழம் வாங்கி வந்தாள். ஆவுடையப்பன் ஒரு பழத்தைக் கொட்டையோடு விழுங்கி இருமினார்.

அன்றைக்கு அவ்வளவுதான். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை என்று நினைப்பீர்கள்.

சனிக்கிழமை பச்சை நூலின் முறை. கோமதிநாயகம் சுறுசுறுப்பாகக் கேசட்டை எடுத்தார். தேவசகாயம் அவர் கையைப் பிடித்தார்.

"நாலாவது விதி, செயலாளரே. வால்வு மட்டும்தான் மாறலாம். மத்ததெல்லாம் நேத்து மாதிரியே இருக்கணும்."

"இருக்கே? அதே அறை, அதே நாற்காலி."

"ஆடு?"

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. தன் ஆம்ப்ளிஃபயரின் உயிரைக் காக்க வந்த சோதனையைத் தானே பாழாக்கப் பார்த்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

நான்கு மணிக்கு மாடியில் சூடேறினார்கள். நான்கு முப்பத்தேழுக்குப் பச்சை ஜோடியின் காலர் தானாகக் கருகவில்லை என்பதால் தீக்குச்சியால் கருக்கினார்கள். பலவேசத்துக்குத் தும்மல் வராமல் மூக்குப்பொடி போட வேண்டியதாயிற்று. பொடி கொஞ்சம் கூடிப்போய் ஐந்து தும்மல் வந்துவிட்டது.

"மூணுதான் வே கணக்கு! அஞ்சு போட்டுட்டீரே!" என்று பதறினார் கோமதிநாயகம். "இப்ப பச்சைக்கு ரெண்டு தும்மல் அதிகமாயிட்டு!"

ஆவுடையப்பன்தான் வழி சொன்னார். "முதல் மூணு சோதனைக்கு. மீதி ரெண்டும் அவரோட சொந்த உபயோகம்னு எழுதிரும்." தேவசகாயம் அப்படியே எழுதினார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அடுத்து மார்க். பச்சைக்கு எவ்வளவு போடுவது என்று கோமதிநாயகம் காதைத் தீட்டிக்கொண்டு யோசிக்கும்போதே, தேவசகாயம் முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டார்.

"என்ன வே, கேட்டு முடிக்கதுக்குள்ள போட்டுட்டீரு?"

"நேத்து ஆடு தின்ன தாளுல முப்பத்தெட்டுன்னு இருந்துது. இன்னைக்கு வேற மார்க் போட்டா, ஆடு வேற தாளைத் தின்னதா ஆயிராதா?"

மறுக்க முடியாத வாதம். ஆனால் ஆட்டுக்கு அன்று பசியில்லை. எதிர்வீட்டில் கடலைச்செடி நிறையப் போட்டிருந்தார்கள். தாளை முகத்துக்கு நேரே நீட்டினாலும் திரும்பிக்கொண்டது. கடைசியில் தாளில் புண்ணாக்கைத் தடவி, "சாப்பிடு தாயி, மன்றத்து மானம் உன் வாயிலதான் இருக்கு" என்று ஆவுடையப்பன் கும்பிட்ட பிறகு மனமிரங்கித் தின்றது.

மாடசாமியின் மணி கேட்டபோது சண்முகவடிவு தண்ணீர்க் குழாயடிக்குப் போயிருந்தாள். வேறு ஓட்டைச்சட்டியும் வீட்டில் இல்லை. கோமதிநாயகம் அடுக்களைக்குள் ஓடி, கையில் அகப்பட்ட தோசைக்கல்லைக் கொண்டுபோய்ப் போட்டார். இரண்டு கை பழம் வந்தது. ஆவுடையப்பன் முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு கொட்டையை விழுங்கி இருமினார்.

அன்று ராத்திரி அந்த வீட்டில் தோசை இல்லை. ஏன் இல்லை என்று தெரிந்ததும் சண்முகவடிவு கத்தவில்லை. அடுக்களையைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "நாளைக்கு ஆறு மணி. ஞாபகம் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். கோமதிநாயகத்துக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. நீல ஜோடி சட்டையோடு உள்ளே உட்கார்ந்தது. சூடேறுதல், காலர் கருகல், கணக்காக மூன்றே தும்மல், முப்பத்தெட்டு மார்க். வெள்ளாடு நான்கு நாற்பத்தைந்துக்குத் தானாகவே வாசலில் வந்து நின்றது. மன்றத்தின் நடைமுறையை முழுக்கப் புரிந்துகொண்ட ஜீவன் அது ஒன்றுதான்.

நான்கு ஐம்பதுக்கு மாடசாமியின் மணி.

கோமதிநாயகம் அடுக்களைக்கு ஓடினார். பூட்டு. சண்முகவடிவு கதவடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வடிவு, ஒரே ஒரு கரண்டி..."

"கரண்டிக் காம்புகூடக் கிடையாது."

திரும்பிவந்தார். நான்கு பேரும் வீட்டைச் சல்லடையாகச் சலித்தார்கள். கட்டில் மரம். ஜன்னல் கம்பி சுவரைவிட்டு வர மறுத்தது. பலவேசத்தின் கத்தரிக்கோலை எல்லோரும் பார்த்தார்கள். "தொழில், வே, தொழில்!" என்று அவர் அதை மடியில் செருகிக்கொண்டார். பாத்திரக்கடைக்காரரைப் பார்த்தால், தன் கடையில் பித்தளையும் எவர்சில்வரும்தான் என்றார். வாசலில் மாடசாமி இரண்டாம் தடவை மணியடித்தான்.

அப்போதுதான் தேவசகாயத்தின் பார்வை மெதுவாக நகர்ந்து ஆம்ப்ளிஃபயரின்மேல் நின்றது. நல்ல கனமான இரும்புப் பெட்டி.

"ஐயோ!" என்று அலறினார் கோமதிநாயகம். "அது ஆம்ப்ளிஃபயர்லா!"

"பொறும். நாலாவது விதியில ஆம்ப்ளிஃபயருக்குன்னு விதிவிலக்கு ஏதாவது போட்டிருக்கா?"

"இல்ல..."

"இப்ப இரும்பு போடலைன்னா மூணு நாள் சோதனையும் வீணாயிரும். வீணாச்சுன்னா எந்த வால்வு நல்லதுன்னு தெரியாது. தெரியலைன்னா கொரகொரப்பு நிக்காது. நிக்கலைன்னா ஆறு மணிக்கு உம்ம வீட்டுக்காரி ஆம்ப்ளிஃபயரைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவாவ. சரியா?"

"சரி."

"அப்ப, அது பேரீச்சம்பழத்துக்குப் போகாம இருக்கணும்னா..."

"அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுத்தான் ஆகணும்" என்று தீர்ப்பை முடித்துவைத்தார் ஆவுடையப்பன்.

கோமதிநாயகம் ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப்பார்த்தார். எங்கேயும் ஓட்டை தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தன் உயிருக்குயிரான பெட்டியை இழந்திருப்போமே என்று நினைத்தார். ஆபத்துக் காலத்தில் இப்படி யோசிக்கத் தெரிந்த நண்பர்கள் யாருக்குக் கிடைப்பார்கள்? தேவசகாயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

முதல் விதியை மீறாமல் ஆம்ப்ளிஃபயரை நிறுத்திப் பத்து நிமிஷம் ஆறவிட்டார்கள். மாடசாமி வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு நீல ஜோடியைச் சட்டையோடு மெல்லக் கழற்றி ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, பெட்டியை நான்கு பேரும் சுமந்துபோய் அவன் தராசில் ஏற்றினார்கள்.

மாடசாமி நாணயமானவன். எடையைப் பார்த்ததும் முழி பிதுங்கியது. "அண்ணாச்சி, இது நல்ல கனமாக்கும். ஒரு கூடைப் பழமே தரலாம்" என்று அள்ளப் போனான்.

"தொடாத!" என்று தடுத்தார் கோமதிநாயகம். "ரெண்டு கை. ஒரு பழம் கூடப்படாது."

"நான் ஏமாத்தினதா நாளைக்கு ஊருல பேசுவாவளே?"

"கூடப் போட்டீன்னா எங்க சோதனை கெட்டுரும். ரெண்டே கை."

மாடசாமி அவரைப் பார்த்தான். பிறகு வாசற்படிக்கு வந்து நின்ற சண்முகவடிவைப் பார்த்தான். அவள் முகத்தில் அசைவே இல்லை. "கேட்டதைக் குடுத்துட்டுப் போ, மாடசாமி" என்றாள். அவன் இரண்டு கை பழத்தை வைத்துவிட்டு, அவர்கள் மனசு மாறுவதற்குள் வண்டியை ஓட்டமாய்த் தள்ளிக்கொண்டு போனான். அன்று தெருமுனைவரை மணியே அடிக்கவில்லை.

ஆவுடையப்பன் மூன்றாவது கொட்டையை விழுங்கி இருமினார். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. இனிக் கேட்க வேண்டியதுதான் பாக்கி. தனியாக இருந்த டேப் ரிக்கார்டரில் கேசட் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் அவரவர் நாற்காலியில், நீல ஜோடிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார்கள்.

நெடுநேரம் கழித்துப் பலவேசம் மெல்லக் கேட்டார். "இடதுபக்கம் கொரகொரப்பு கேக்குதா?"

"இல்ல" என்றார் கோமதிநாயகம்.

"வலதுபக்கம்?"

"ஒரு பொட்டுகூட இல்ல."

"நாதஸ்வரக்காரன் எவ்வளவு அடக்கமா வாசிக்கான் பாரும்" என்றார் ஆவுடையப்பன். "ஆரவாரமே கிடையாது. சந்தேகமே இல்ல, நீலம்தான்."

கோமதிநாயகம் துள்ளி எழுந்தார். கடிகாரத்தில் மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது. "வடிவு! இங்க வா. வந்து நீயே கேளு!"

சண்முகவடிவு வந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். காலர் கருகிய சட்டை போட்டு, பொத்தான் மாட்டி நின்றுகொண்டிருந்த இரண்டு வால்வையும் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து வெகுநேரம் கவனமாகக் கேட்டாள்.

"கொரகொரப்பு இருக்கா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"இல்லைங்க. நின்னுட்டு."

"ஆறு மணிக்குள்ள நின்னுட்டா இல்லையா?"

"நின்னுட்டு."

"அப்ப நீ ஆம்ப்ளிஃபயரைப் பேரீச்சம்பழத்துக்குப் போட மாட்டியே?"

"சத்தியமா இனிமே போட மாட்டேன்" என்றாள் சண்முகவடிவு. சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவசரமாக அடுக்களைக்குள் போய்விட்டாள். மனசு நிறைந்துபோய் அழுகிறாள் என்று கோமதிநாயகம் நினைத்துக்கொண்டார்.

நான்கு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மிச்சப் பழத்தை ஆட்டுக்கும் ஒன்று கொடுத்துத் தின்றார்கள். பிறகு தேவசகாயம் ஜெபராஜுக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதி, சபையில் வாசித்துக் காட்டினார்:

"ஐயா, தங்கள் விதிகள் நான்கையும் ஒரு எழுத்துப் பிசகாமல் பின்பற்றியதில் நீல ஜோடியே சிறந்தது என்று தெரியவந்தது. கொரகொரப்பு அறவே இல்லை. சிவப்பையும் பச்சையையும் சட்டையோடு திருப்பி அனுப்புகிறோம். ஒரே ஒரு சின்னக் குறை. பாட்டின் சத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. வால்வு நன்றாக இருப்பது ருசுவாகிவிட்டபடியால், கோளாறு ஆம்ப்ளிஃபயரில்தான் இருக்க வேண்டும். எனவே சோதித்துப் பார்க்க மூன்று ஆம்ப்ளிஃபயர் அனுப்பி வைக்கவும். நாளுக்கு ஒன்று வீதம் மூன்று நாளுக்குச் சரியாக இருக்கும். மாடசாமியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டோம்."